போ என்று தந்த புலமைப்பரிசில்

1

போன மாதம் எனக்கு ஒரு சட்டைப் பதக்கம் தந்தார்கள். வேலையில் ஐந்து வருடம் முடித்ததற்காக. பொன்னிறத்தில் சின்னத் தகடு. அதில் 'சரோ ஜீனி' என்று பொறித்திருந்தது. என் பெயர் சரோஜினிதேவி. கனடாவில் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் ஒரு அதிகாரி தன் பெட்டிக்குள் எழுத்துகள் அடங்கவில்லை என்று 'தேவி'யை வெட்டினார். இப்போது மிச்சத்தையும் இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். திருத்தித் தரச் சொல்லலாம். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. படிவத்தோடு அடையாள அட்டை வைக்க வேண்டும். அட்டையில் இருப்பதும் வெட்டிய பெயர்தான். அப்படியே வாங்கிக்கொண்டேன்.

அதைச் சட்டையில் குத்திவிட்டவள் லொரெயின். கறுப்பினப் பெண். என்னோடு வேலை செய்பவள்.

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: 'அங்கை கறுப்பு ஆக்களோடை கவனமாய் இருங்கோ.' எழுதுகிறவர்களில் ஒருவரும் ஒரு கறுப்பரோடு பேசியதில்லை. நானும் வரும்வரை பேசியதில்லை. பதில் எழுதும்போது அந்த வரியைக் காணாததுபோல் தாண்டிப் போய்விடுவேன். இந்த முறை தாண்டப் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ஆஸ்பத்திரியில் வேலை' என்றுதான் இவ்வளவு காலமும் எழுதினேன். நான் வேலை செய்வது ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். சலவை என்றதும் நம் ஊரில் என்ன நினைப்பார்கள், யாரை நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஆஸ்பத்திரி என்று எழுதினேன்.

லொரெயின் எனக்கு ஏழு வயது மூத்தவள். இங்குள்ள கறுப்பின மக்களில் அநேகர் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள். இவள் அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்தவள். வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று எல்லை தாண்டிய கணவனோடு வந்தவள். கணவன் பிறகு வேலை தேடி மேற்கே போனான், அங்கேயே இருந்துவிட்டான். மகள் டெனீஸை இவள்தான் தனியாக வளர்த்தாள்.

"சண்டைக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள் எண்டால் நீங்களும் அகதியள்தானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "எங்களுக்கு ஆரும் அந்தப் பேர் வைக்கேல்லை" என்றாள்.

அவள் பேசியது ஆங்கிலத்தில். என் காதுக்குள் அது எங்கள் தமிழாகத்தான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

2

இது நடந்தது இரண்டரை வருடத்துக்கு முன்னால், மாசி மாதப் பனியில். மதியச் சாப்பாட்டு நேரம். லொரெயின் ஒரு கடித உறையை மேசையில் வைத்தாள்.

"சரோ, நீர் ஊரிலை ஒரு லோயரிட்டை வேலை செய்தனீர் எல்லே?"

"ஓம். பன்னிரண்டு வருஷம். டைப்பிஸ்ற்."

"டெனீஸுக்குச் சட்டம் படிக்க இடம் கிடைச்சிட்டுது. அமெரிக்காவிலை. எங்கடை சனத்துக்கெண்டே தொடங்கின பழைய கல்லூரி. ஆனால் படிக்கக் காசு வேணுமே. அங்கத்தைய கறுப்புப் பெண் சட்டத்தரணியளின்ரை சங்கம் ஒண்டு புலமைப்பரிசில் குடுக்குது. இந்தப் படிவத்தை ஒருக்கா வடிவா டைப் பண்ணித் தாருமன்."

முகம் அவ்வளவு மலர்ந்து அவளை நான் கண்டதில்லை. படிவத்தை எடுத்துப் பார்த்தேன். மேலே தடித்த எழுத்தில் இருந்தது: ஆபிரிக்க அமெரிக்க சட்ட மாணவர்களுக்கு மட்டும். அந்த 'மட்டும்' என்ற சொல்லிலே கண் நின்றுவிட்டது.

"நான் உதைச் செய்யமாட்டன், லொரெயின்."

"ஏன், நேரமில்லையோ?"

"நேரம் இருக்கு. இனம் பார்த்துப் பிள்ளையளைப் பிரிக்கிற கடதாசியிலை என்ரை கை படாது. எங்கடை நாட்டிலையும் உப்பிடித்தான் செய்தவை."

அவள் படிவத்தை மெதுவாக மடித்து உறைக்குள் வைத்தாள். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

அதன்பிறகு இரண்டரைக் கிழமை எங்களுக்குள் பேச்சில்லை. எங்கள் வேலையில் இது சின்ன விஷயமில்லை. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைக் கைமாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல். அத்தனை தடவையும் அவள் என் தோளுக்கு மேலால் சுவரைப் பார்த்தபடி வந்து போனாள்.

3

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் கணவர் உடனே ஒத்துக்கொண்டார்.

"நல்லாச் சொன்னீர். அவைக்கு மட்டும் என்ன கொம்பே முளைச்சிருக்கு? எங்கடை பிள்ளையளுக்கு ஆர் தரப்போகினம்?"

எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடம். நான் சொன்ன எதையும் அவர் இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டதில்லை. என் மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

லொரெயினிடம் 'எங்கடை நாட்டிலையும்' என்று சொன்னேனே தவிர, என்ன நடந்தது என்று சொல்லவில்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களில் என் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையுமில்லை. எழுபதுகளின் தொடக்கம். பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. நான் உயிரியல் படித்தேன். நான் எடுத்த புள்ளிகள், சிங்கள மொழியில் பரீட்சை எழுதியிருந்தால் மருத்துவ பீடத்துக்குப் போதும். தமிழில் எழுதியதால் போதாது. எனக்கு யாரும் கடிதம் போடவில்லை. வெட்டுப்புள்ளி வெளிவந்தது, நான் அதற்குக் கீழே நின்றேன். மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதே கதை. ஐயா தட்டெழுத்து வகுப்பில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து ஒரு பிறக்கிராசியாரின், அதாவது பழைய காலத்துச் சட்டத்தரணியின் கந்தோர். காணி உறுதி, தத்துவப் பத்திரம், சத்தியக் கடதாசி. சண்டையால் கந்தோரை மூடவேண்டி வந்த வருடம் வரை அங்கேதான் இருந்தேன்.

இதை நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. மகள் மதுராவுக்கு அப்போது பதினேழு. அவள் அறிந்த அம்மா சலவை வேலை செய்கிறவள். வங்கிக்காரரோடு தொலைபேசியில் பேசினாலும் பிழையான ஆங்கிலம் பேசுகிறவள். அவளுடைய தமிழும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. அந்த அளவுக்குள் சாப்பாடு, பள்ளிக்கூடம், குளிர்ச் சட்டை மட்டும் அடங்கும்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மதுரா திறந்தாள். வெளியே டெனீஸ். இருபத்துமூன்று வயது, தாயைவிட உயரம், கையில் ஒரு மட்டைக் கோப்பு. மதுரா அவளிடம் ஏதோ சொல்லிக் கூட்டி வந்தாள். 'மிஸிஸ்' என்று கூப்பிடாதே, 'அன்ரி' என்று சொல் என்று சொல்லியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அன்ரி, அம்மா உங்களோடை கதைக்கிறேல்லை எண்டு தெரியும். நான் வந்தது அவவுக்குத் தெரியாது. டைப் பண்ணக் கேட்டு வரேல்லை. விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகக் கம்பியூட்டரிலை நானே அடிச்சு அனுப்பிட்டன். இப்ப இது வந்திருக்கு."

சங்கத்தின் பதில். மரியாதையான கடிதம்தான். நீங்கள் பிறந்தது ரொறன்ரோவில். தாய் அமெரிக்கப் பிரசை என்கிறீர்கள். ஆனால் அனுப்பிய தாயின் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் உங்கள் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயராக இருப்பதும் வேறு. இருவரும் ஒருவரே என்பதற்கும், அவர் அமெரிக்காவில் வாழ்ந்தவர் என்பதற்கும் மூன்று கிழமைக்குள் ஆதாரம் தேவை. இல்லையேல் விண்ணப்பத்தைக் கவனிக்க இயலாது.

"அம்மா இஞ்சை வரேக்கை சாரதி அனுமதிப்பத்திரத்தோடை வந்தவ. பாஸ்போட் எடுத்ததில்லை. தூதரகம் பக்கமே அப்பா போகவிடேல்லை. கனடாப் பிரசாவுரிமையும் அவ எடுக்கேல்லை. எந்தக் கடதாசியும் சரியா இல்லை, அன்ரி. ஒரு லோயரிட்டைக் கேட்டன். அவர் கேக்கிற காசைக் குடுத்தால் பிறகு புலமைப்பரிசில் கிடைச்சும் பிரயோசனமில்லை."

பிறகு கோப்பிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்தாள். பழைய தாள். நடுவெல்லாம் மஞ்சளித்து, ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"இது அம்மப்பாவுக்கு வந்தது. இது உதவுமோ எண்டு தெரியேல்லை."

நான் கந்தோரில் பழகிய கண்ணால் வாசித்தேன். தலைப்பு, தொடர் இலக்கம், திகதி, கையொப்பம். தெற்கிலே ஒரு மாநிலத்தின் கல்வித் திணைக்களம் எழுதியது. மாநிலச் சட்டக் கல்லூரியில் உமக்கு இடம் தர இயலாது. ஆனால் வடக்கே உம்மை ஏற்கும் கல்லூரி ஒன்றுக்குப் போவதானால், கட்டணத்தில் உள்ள வித்தியாசத்தை மாநிலம் தரும். ஒரு ரயில் பயணச் செலவையும் தரும். எழுத்துப் பிழை ஒன்று இல்லை. பணிவான முடிவு வாசகம். ஒன்று மட்டும் உறுத்தியது.

"பேருக்கு முன்னாலை 'திரு' போடேல்லையே" என்றேன்.

"எங்கடை ஆக்களுக்கு அப்ப போடமாட்டினம்" என்றாள் டெனீஸ்.

அவளுடைய அம்மப்பா, அதாவது லொரெயினின் தகப்பன், பள்ளிக்கூட வாத்தியார். சட்டம் படிக்க ஆசைப்பட்டு விண்ணப்பித்தார். கறுப்பர் ஒருவரை உள்ளே எடுக்காமல் இருப்பதற்காக அவருக்குப் பணம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். மனைவியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு அவர் வடக்கே போய் ஒரு வருடம் படித்தார். இரண்டாம் வருடத்துக்கான பணம் வரவில்லை. எழுதிப் பார்த்தார், பதிலும் வரவில்லை. திரும்பி வந்து சாகும்வரை அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்.

"இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன் அறையிலை மாட்டி வைச்சிருந்தவராம்" என்றாள். "படிச்சு முடிச்ச ஆக்கள் பட்டத்தை மாட்டுவினமே, அந்த இடத்திலை."

மதுரா சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி போடச் சொல்லி அவளை அனுப்பினேன். பிறகு கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன்.

"இந்தச் சங்கமும் ஆரெண்டு பார்த்துத்தானே குடுக்குது?"

டெனீஸுக்குக் கோபம் வரவில்லை. யோசித்துத்தான் சொன்னாள். "ஓம், அன்ரி. அப்ப ஆரெண்டு பார்த்துத்தான் போகச் சொன்னவை. இப்ப ஆரெண்டு பார்க்காமல் எப்பிடி உள்ளுக்கை கூப்பிடுறது எண்டு அம்மா கேப்பா. அது முழுக்கச் சரியோ எண்டு எனக்குத் தெரியேல்லை. எனக்குப் படிக்கவேணும். அவ்வளவுதான் தெரியும்."

எனக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான விடை இல்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. நான் டைப் பண்ண மறுத்தது என்னை வெளியே தள்ளிய கடதாசியை அல்ல. என்னை வெளியே தள்ளியது போன்ற கடதாசி இதோ மஞ்சளித்துப்போய் என் மேசையில் கிடந்தது. அது இவர்கள் வீட்டுக்கு வந்த கடதாசி.

கடிதத்தை மறுபடி எடுத்துக் கடைசிப் பந்தியை வாசித்தேன். விண்ணப்பதாரியின் குடும்ப விபரம்: மனைவி, ஒரு மகள், வயது மூன்று, பெயர் லொரெயின். எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தது.

"இதை இஞ்சை வைச்சிட்டுப் போம்" என்றேன்.

5

திங்கட்கிழமை முதல் விரிப்பைப் பிடித்தபோதே லொரெயினிடம் கேட்டேன்.

"உம்மடை பிறப்புச் சான்றிதழிலை என்ன பேர்?"

இரண்டரைக் கிழமைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "லொறீன். மருத்துவிச்சி சொன்னதைக் கேட்டு எழுதினவன் பிழையா எழுதிப்போட்டான். ஏன்?"

"மற்றக் கடதாசியள் எல்லாத்திலையும்?"

"லொரெயின்."

"அப்ப அது லேசு."

"லேசோ?"

"இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் எண்டு சத்தியக் கடதாசி. பன்னிரண்டு வருஷமா அதைத்தானே டைப் பண்ணினனான். பொன்னம்மாவும் பொன்னுவும் ஒராள். செல்லத்துரையும் துரையும் ஒராள். புதன்கிழமை வேலை முடிய வீட்டை வாரும்."

மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. விரிப்பின் முனையை என் கையில் தரும்போது, "டெனீஸ் உம்மட்டை வந்தவளோ?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். "சொல்வழி கேளாதவள்" என்றாள். குரலில் கோபமில்லை.

புதன்கிழமை வந்தாள். மதுராவின் பள்ளிக்கூட வேலைக்கென்று மலிவாக வாங்கிய மின் தட்டச்சு இயந்திரம் ஒன்று வீட்டில் இருந்தது. மதுரா சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் அடித்தேன். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், வேலை செய்த கடை, எல்லை தாண்டிய மாதம். பந்தி பந்தியாக, இலக்கமிட்டு. லொரெயின் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு கெதியா அடிக்கிறீர். இஞ்சை ஏன் கந்தோர் வேலை தேடேல்லை?"

"தேடினனான். கனேடிய அனுபவம் இருக்கோ எண்டு கேட்டவை."

சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அண்டைக்கு உங்கடை நாட்டிலையும் உப்பிடிச் செய்தவை எண்டனீர். உமக்கு என்ன செய்தவை?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மெதுவாக. வெட்டுப்புள்ளி என்பதற்குச் சொல் வரவில்லை. தாளில் ஒரு கோடு கீறி, சிங்களத்தில் எழுதியவர்களுக்கு இங்கே, எங்களுக்கு அங்கே, நான் நின்றது இடையில் என்று காட்டினேன். மதுரா வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"வெயிற், பொறுங்கோ. அம்மா, நீங்கள் டொக்டருக்குப் படிக்க இருந்தனீங்களோ?"

"இருக்கேல்லை. இடம் கிடைக்கேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

"கேக்கிறதுக்கு அப்பிடி ஒண்டு இருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" இதை ஆங்கிலத்தில்தான் கேட்டாள். என் கதையை என் மகள் முதன்முதலில் கேட்டது, நான் இன்னொருத்திக்கு அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னபோது. லொரெயின் எழுந்து தண்ணீர் எடுப்பதுபோலக் குசினிக்குள் போனாள்.

சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்க நகரசபைக் கந்தோருக்குப் போனோம். சத்தியம் வாங்கும் அதிகாரி வெள்ளைக்காரர், வயதானவர். என் முதல் பந்தியை இரண்டு தடவை வாசித்தார்.

"இந்த ஆங்கிலம் எங்கை எடுத்தது? எங்கடை தாத்தா காலத்துக்குப் பிறகு நான் உப்பிடி ஒண்டு காணேல்லை."

பிறக்கிராசியார் கற்றுத்தந்த ஆங்கிலம் அது. அவருக்கு அது வெள்ளைக்கார நீதவான்களிடமிருந்து வந்தது. மேற்படி, மேற்கூறிய, இதன்மூலம் பயபக்தியோடும் உண்மையோடும். "பிழை இருக்கோ?" என்று கேட்டேன்.

"பிழை இல்லை. ஒரு எழுத்துக்கூட" என்றார்.

லொரெயின் வேதாகமத்தில் கை வைத்தாள். பழைய கடிதத்தின் பிரதியில் 'இணைப்பு ஏ' என்று எழுதி அவர் முத்திரை குத்தினார். அவள் தகப்பனைப் போகச் சொன்ன கடிதத்தில் இன்னொரு அரசாங்கத்தின் முத்திரை விழுந்தது. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள், மை காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது.

6

ஆறு கிழமை பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் டெனீஸ் வீட்டை விட்டு அசைவதில்லை என்று லொரெயின் சொன்னாள். கல்லூரி, இடம் வேண்டுமா இல்லையா என்று இரண்டு தடவை எழுதிக் கேட்டுவிட்டது. வேறு வழியில்லாவிட்டால் ஒரு வருடம் வேலை செய்துவிட்டுப் போவதாக டெனீஸ் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

"ஒரு வருஷம் எண்டுதான் எல்லாரும் சொல்லுறது" என்றாள் லொரெயின்.

சித்திரை முடிய ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை நேரத்தில், டெனீஸ் சலவைப் பகுதிக்குள் நேரே வந்துவிட்டாள். வெளியாட்கள் வரக்கூடாத இடம். கையில் பிரித்த கடிதம். அதைத் தாயிடம் நீட்டினாள். லொரெயின் வாசித்துவிட்டு என்னிடம் தந்தாள். முதல் வருடத்துக்குத் தருகிறோம். பெறுபேறு நன்றாக இருந்தால் மற்ற வருடங்களுக்கும் தருவோம். பெயருக்கு முன்னால் 'செல்வி' போட்டிருந்தார்கள். நான் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

எல்லாச் செலவையும் அது மூடவில்லை. மிச்சத்துக்குக் கடன் எடுத்தாள். கல்லூரி நூலகத்தில் வேலை செய்தாள். ஆவணி மாதம் பேருந்தில் போனாள். இப்போது மூன்றாம் வருடம் தொடங்கியிருக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள் என்று கேள்வி. தாய்க்கு அடிக்கடி எழுதுவதில்லை என்பதும் கேள்வி.

மதுரா என்னிடம் இப்போது சில கேள்விகள் கேட்கிறாள். தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிக்கிறாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். என் கணவர் தன் கருத்தை மாற்றவில்லை. லொரெயின் வீட்டுக்கு வந்தால் எழுந்து கதிரை போடுகிறார். கருத்தை வைத்துக்கொண்டே போடுகிறார்.

டெனீஸ் போன அடுத்த கிழமை, விரிப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது லொரெயின் கேட்டாள்:

"அந்த இடம் போன கோபம் உமக்கு இப்பவும் இருக்கோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியவில்லை.

"இருக்கு" என்றேன்.

"அப்பாவுக்கும் இருந்தது. சாகுமட்டும்." விரிப்பை இழுத்து நேராக்கிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். "நல்ல காலம். இல்லாட்டி அந்தக் கடிதத்தை எப்பவோ எறிஞ்சிருப்பார்."